பைக்கில் கூடுதல் லைட் மாட்டினால் பேட்டரியும் வயரிங்கும் தாங்குமா?

150 சிசி வண்டி, ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை, 35/35 வாட் பல்பை (பிரைட்டுக்கு 35, டிம்முக்கு 35) கழற்றிவிட்டு 100/90 போட்டு, கூடவே இரண்டு ஃபாக் லைட்டும் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரியில் கிராமத்து ரோட்டில் ஓட்டுகிறவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். டவுனுக்குள் சுற்றுகிறவருக்கு இந்தக் கேள்வியே வராது.

நான் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியன். நீங்கள் கேட்டிருக்கும் அதே காரியத்தைச் செய்து சொந்த வண்டியின் வயரிங்கை எரித்துக்கொண்டவன். மில்லில் இதுவரை யாருக்கும் தெரியாது. வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தக் கம்பெனி அபிமானிகள் சண்டைக்கு வருவார்கள். தப்பு வண்டி மேல் இல்லை.

முன்பெல்லாம் மில் பஸ் எங்கள் ஊர் முக்கு வரை வரும். அந்தப் பக்கம் மூன்று பேர்தான் ஏறுகிறார்கள், டீசலுக்குக் கட்டவில்லை என்று ஒருநாள் நிறுத்திவிட்டார்கள். ஆபீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும் கார் எந்த ஊருக்கும் போகும், அதற்கு டீசல் கட்டும். சரி, அது வேறு கதை. அரை நைட் முடிந்து 12 மணிக்கு ஒட்டன்சத்திரம் ரோட்டில் தனியாக வண்டியில் வர வேண்டியதாயிற்று. எதிரே லாரி வந்தால் ரோட்டோரம் எது, பள்ளம் எது என்று தெரியாது.

பட்டறைத் தம்பி, "அண்ணே, நூறு வாட் போடுங்க, பகல் மாதிரி இருக்கும்" என்றான். பெட்டியில் பொடி எழுத்தில் 'ஆஃப் ரோடு' என்றுதான் இருந்தது. பல்பின் காதுகூட டூமில், அதாவது ஹெட்லைட் கூட்டில், சரியாக உட்காரவில்லை. அரத்தால் ராவி உட்கார வைத்தோம். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. எட்டாவது நாளோ என்னவோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ரோட்டோரம் யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அப்புறம் ஒரே இருட்டு. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டூமைத் திறந்தால், பல்புக்குப் பின்னால் இருக்கும் கப்ளர் உருகி வழிந்து பல்போடு ஒட்டியிருந்தது. அவசரத்தில் தொட்டுவிட்டேன், கட்டைவிரலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. மிச்ச தூரமெல்லாம் இண்டிகேட்டர் வெளிச்சத்தில் உருட்டிக்கொண்டு வந்தேன்.

கணக்கு எனக்குத் தெரியாததல்ல. 12 வோல்ட்டில் 35 வாட் என்றால் சுமார் 3 ஆம்பியர். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். வயரிலும் சுவிட்ச் முனையிலும் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கப்படி ஏறும். அதாவது வாட் மூன்று மடங்குதான், சூடோ கிட்டத்தட்ட எட்டு மடங்கு. 3 ஆம்பியருக்கென்று போட்ட ஒல்லி வயர், சாவி சுவிட்ச், டிம்-டிப் சுவிட்ச் எல்லாம் அதைச் சுமக்க வேண்டும். மில்லில் ஒரு மோட்டாரை மாற்றினால் கேபிள் அளவைப் பார்க்காமல் மாற்றுவேனா? சொந்த வண்டி என்றால் கணக்கு மறந்துபோகிறது.

புது ஹோல்டர் வாங்கி, பழையபடி 35 வாட் பல்பையே போட்ட பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். வண்டியை ரேஸ் கொடுத்துப் பிடித்தபடி பேட்டரியில் அளந்தால் 13.9 வோல்ட். பல்பு முனையில் 11.8தான். இரண்டு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மடமடவென்று விழும். இந்த இரண்டு வோல்ட்டுக்கே வெளிச்சத்தில் நாற்பது சதவீதம் போய்விடும். இத்தனை நாளும் குறை பல்பில் இல்லை, வயரில்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, முதலில் ரிலே போடுங்கள். சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பழைய ஒல்லி வயர் ரிலேயை இயக்க மட்டும், பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து புது வயரில் நேராகப் போகும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், பேட்டரியை ஒட்டியே 10 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற முனை (எண்கள் ரிலேயிலேயே இருக்கும்). 87-லிருந்து பல்பு. பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, 85 எர்த். பல்பின் எர்த்தையும் புது வயராக பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். இதைச் செய்த அன்று பல்பு முனையில் 13.5 வந்தது. அதே 35 வாட் பல்புதான், பட்டறைத் தம்பி புது பல்பா என்று கேட்டான்.

அதற்கப்புறமும் போதவில்லை என்றால் சின்ன எல்இடி ஃபாக் லைட் ஒரு ஜோடி, அதற்கும் தனி ரிலே, தனி பியூஸ். ரிலேயை இயக்கும் கரண்ட்டை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் காலையில் செல்ஃப் அடிக்காது. பெட்டியில் 40 வாட் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். நான் வாங்கியது அளந்து பார்த்தால் 1.1 ஆம்பியர்தான் இழுத்தது, 15 வாட்கூட இல்லை. அதுவே போதுமாக இருக்கிறது. ஃபாக் லைட்டைத் தரை பார்த்துச் சாய்த்து வையுங்கள், எதிரே வருகிறவனுக்கும் வீடு வாசல் உண்டு.

ரிலே எல்லாம் எதற்கு, நான் நேரடியாகவே போட்டு ஐந்து வருடமாக ஓட்டுகிறேன் என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஓட்டுங்கள் சார், சந்தோஷம். ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் ஹெட்லைட் பிரகாசமாகி, விட்டால் மங்குகிற பழைய வண்டிகளுக்கும் நான் சொன்னது பொருந்தாது. அவற்றில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏசியில் எரியும்.

எல்லா லைட்டையும் போட்டு, சீரான வேகத்தில் எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.5-க்கு மேல் நின்றால் கவலை இல்லை. 12.8-க்குக் கீழே இறங்கினால் காயில் கொடுப்பதைவிட நீங்கள் அதிகம் எடுக்கிறீர்கள். பேட்டரியில் ஒன்று, பல்பு முனையில் ஒன்று, இரண்டு அளவையும் வண்டி மாடலோடு கமெண்டில் போடுங்கள். இந்த வாரம் முழு நைட், மதியத்துக்கு மேல்தான் பதில் வரும்.