குன்னூர் நண்பருக்கு: வட்ட ரம்பம் பாதியில் சிக்குவது பற்றி

சில்வர் ஓக் பலகையை நீள்வாக்கில் அறுக்கும்போது புது ரம்பம் பாதியில் இறுகி உங்களை நோக்கித் துள்ளியதாகவும், அறுத்த ஓரம் கருகியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கருவியில் குறையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, மரம் பச்சை.

தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற மரத்தை வெட்டியவுடன் பலகையாக்கி விற்றுவிடுகிறார்கள். ஈர மரத்தில் அறுத்த வாய் மெல்ல மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். கோத்தகிரியில் எனக்கும் இதுவே நடந்தது. உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பச்சைப் பலகை சில்லென்று இருக்கும். அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு காய வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நம் பக்கத்தில் இன்னும் கூடுதலாகவே ஆகும். பலகைகளுக்கு இடையே இரண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு வைத்து, காற்றோட்டமான கூரையடியில் அடுக்குங்கள். இரு முனைகளிலும் பெயிண்ட் பூசினால் வெடிப்பு குறையும். ஒரு சிறு பலகையை வாராவாரம் தராசில் நிறுத்து வாருங்கள். எடை குறைவது நின்றால் தயார்.

அதுவரை காய்ந்த மரத்தில் பழகுங்கள். நீள்வாக்கில் அறுக்க 24 பல் பிளேடு போதும். பிளேடு பலகைக்குக் கீழே கால் அங்குலம் மட்டும் நீளட்டும். அறுத்த வாயில் சிறு ஆப்பு செருகுங்கள். தயவுசெய்து, ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், ஒரு பக்கமாக விலகி நில்லுங்கள். குளிருக்காகப் போடும் கையுறையையும் கழற்றிவிடுங்கள்.