பினாங்கில் சொந்தம் தேடும் தம்பிக்கு

தம்பி, பாயான் லெப்பாசில் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, தொழிற்சாலை விட்டால் அறை, அறை விட்டால் தொழிற்சாலை என்று எழுதியிருக்கிறீர்கள். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்பது முதல் கேள்வி. அப்பாயியின் (அப்பாவின் அம்மா) அண்ணன் குடும்பம் பினாங்குப் பக்கம் ஏதோ தோட்டத்தில் இருந்தது, நாற்பது வருஷமாகப் பேச்சே இல்லை, இப்போது தேடிப் போனால் ஏதோ காரியமாக வந்திருக்கிறான் என்று நினைப்பார்களோ என்பது இரண்டாவது.

நினைப்பார்கள். ஆனாலும் போங்கள். நான் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. உங்களுடைய இரண்டு கேள்வியும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

என் தாத்தாவின் தம்பி 1937-ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். மறு வருஷமே மலாயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது, ஆக கடைசியாகப் போன கூட்டத்தில் அவர் ஒருவர். எந்தக் கப்பல் என்று வீட்டில் கேட்டால் 'ரஜூலா' என்பார்கள். உங்கள் வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள் பாருங்கள். 1926-ல் கட்டி 1970கள் வரை ஓடிய கப்பல் அது, அதனால் பாதிப் பேர் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

நான் இங்கே வந்த முதல் வருஷம் யாரையும் தேடவில்லை. ஊரைச் சுற்றினேன். கோட்டை, பாலம், பினாங்குக் கொடிமலை, ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகள் ஓவியம் வந்த பிறகு அதன் முன்னால் வரிசையில் நின்று ஒரு படம். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பொருட்காட்சிக்குப் போய்விட்டு வந்த மாதிரி. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த நகரம், வேறென்ன வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் ஒருநாள் அப்பா போனில், சின்னத் தாத்தாவின் பழைய கடித உறை ஒன்று கிடைத்திருக்கிறது, அதில் தோட்டத்துப் பெயர் இருக்கிறது என்றார். கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறை. போய்ப் பார்த்தால் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. பாதி செம்பனை, பாதி புது வீடுகள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் இருந்த இடம் எதுவென்றுகூடச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் மாரியம்மன் கோவில் மட்டும் நின்றது. இதை நினைவில் வையுங்கள். தோட்டம் போகும், கோவில் நிற்கும். ஆடித் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கிருந்தோ காடி எடுத்துக்கொண்டு வருவார்கள் (இங்கே கார் என்றால் காடி). பூசாரியிடம் பேரைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் யாருக்கோ போன் போட்டு, குடும்பம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சின்னத் தாத்தா இறந்து ரொம்ப வருஷம். அவர் மகள், எனக்கு அத்தை முறை, எழுபதை நெருங்கியவர், இருக்கிறார்.

அடுத்த ஞாயிறு போனேன். இங்கேதான் தப்புச் செய்தேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். தாத்தா எந்த வருஷம் பிறந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே போனேன். குடும்ப மரம் போடுகிற ஆசை. அத்தை மகன் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கேள்வியோ நான்காவதோ, அவர் மெதுவாகக் கேட்டார்: "எங்கே கையெழுத்துப் போடணும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எண்பதுகளில் ஊரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். எங்கள் சொந்தம்தான், பேர் வேண்டாம். ஒரு வாரம் தங்கி, சாப்பிட்டு, போகிற நாளன்று ஒரு விடுதலைப் பத்திரத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். பாட்டன் நிலத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிய காகிதம். அவர்கள் கேட்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஊரிலிருந்து ஒரு கடிதமும் இல்லை. அதனால் நோட்டும் பேனாவுமாக நான் போய் நின்றது அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆனால் அதுகூட அடிக்காரணம் இல்லை. அதை அத்தை சொல்ல ஏழெட்டு மாதம் ஆனது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டான், அதோடு தபால் நின்றுவிட்டது. தோட்டத்து ஆட்களை சயாம் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள், சின்னத் தாத்தாவையும் சேர்த்து. போனவர்களில் எத்தனையோ பேர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே போய்விட்டார்கள். இவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். சண்டை முடிந்து தபால் ஓட ஆரம்பித்ததும், உயிரோடு இருக்கிறேன் என்று ஊருக்கு எழுதினார். பதில் வந்தது. நாலு வருஷமாகத் தகவல் இல்லாததால் உனக்குக் கருமாதி செய்துவிட்டோம், பாகமும் பிரித்தாகிவிட்டது என்று.

மனுஷன் அதற்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. "செத்தவனுக்கு எதுக்குடா டிக்கெட்டு" என்பாராம்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை யாருக்கும் தெரியாது. அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை. 'மலாயா போனவன் நம்மை மறந்துட்டான்' என்று கேட்டுத்தான் வளர்ந்தேன். தம்பி, உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது முக்கியமாக இதுதான். அவர்களைத் தேடுவதற்கு முன்னால் நம் பக்கம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாயி இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், கொடுத்துவைத்தவர் நீங்கள். இன்றைக்கே போன் போடுங்கள். கடைசிக் கடிதம் யார் போட்டது, எதற்காக நின்றது, நிலம் யார் பேரில் இருக்கிறது, எல்லாம் கேளுங்கள். மழுப்புவார்கள். இரண்டாவது தடவை கேளுங்கள். "அப்படியே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு" என்று பெரியப்பா சித்தப்பா யாராவது சொன்னால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவசரமாக இருந்தால் அவர்களே டிக்கெட் எடுத்து வந்து கேட்கட்டும்.

தேடுகிற வழி பற்றி. இங்கே நம் ஆட்களுக்கு அடையாள அட்டையில் பேருக்குப் பின்னால் 'அனாக் லெலாகி' அல்லது 'அனாக் பெரம்புவான்', அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அப்பா பேர் வரும். ஊர்ப் பேரோ குடும்பப் பேரோ வராது. அதனால் தாத்தா பேரை வைத்து அவர் பிள்ளைகளைப் பிடிக்கலாம், பேரனைப் பிடிக்க முடியாது. எழுத்தும் காலை வாரும். அந்தக் காலத்துத் தோட்டக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதுதான் பேர். ஒரே அப்பாவுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் அட்டையில் அப்பா பேர் மூன்று விதமாக இருப்பதை எங்கள் குடும்பத்திலேயே பார்த்தேன். முன்பெல்லாம் 'தமிழ் நேசன்' பத்திரிகையின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைப் பார்த்தே பாதி உறவைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். 1924-ல் தொடங்கிய பத்திரிகை, 2019-ல் நின்றுவிட்டது. கோவில்தான் உங்களுக்குச் சரியான இடம்.

இன்னொன்று, எழுபதுகளுக்குப் பிறகு தொடர்பு அறுந்தது என்றால் குடியுரிமைச் சிக்கலும் இருக்கக்கூடும். 1969-ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்குப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது தோட்டங்களிலிருந்து நிறைய பேர் இந்தியாவுக்குக் கிளம்பிப் போனார்கள். அத்தையின் அண்ணன் அப்படிப் போனவர். குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. இப்போதும் சிவப்பு அட்டையோடு இருக்கிற பெரியவர்கள் உண்டு. நீல அட்டையா சிவப்பு அட்டையா என்று மட்டும் வாய்தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள்.

சரி, ஊர் சுற்றும் கதைக்கு வருகிறேன். அத்தை வீட்டுக்காரர், மாமா, இளமையில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் நோட்டை வீட்டில் வைத்துவிட்டு நாலைந்து தடவை வெறுமனே போய் வந்தபின், ஒருநாள் அவராகவே, "ஜார்ஜ்டவுன் பாத்திருக்கியா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் மாமா என்றேன். "என்னத்தப் பாத்த, ஞாயித்துக்கிழமை வா" என்றார்.

காலை ஏழரைக்குப் பிட் தெருவில் நின்றோம். அதற்கு மேல் போனால் வெயில் உரித்துவிடும். செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818. அடுத்து சீனர்களின் குவான் யின் கோவில், ஊதுவத்திப் புகை தெருவரைக்கும். அப்புறம் மாரியம்மன், அதைத் தாண்டிக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நடந்தால் பத்து நிமிஷம். இதை எந்த வழிகாட்டியும் சொல்வார். மாமா வேறு ஒன்று சொன்னார். 1833-ல் கட்டிய மாரியம்மன் கோவிலுக்கு வாசல் பிட் தெருவில் இல்லை, பின்னால் குயின் தெருவில் இருக்கிறது. "சாமி யாரைப் பாக்குதுன்னு பாரு. துறைமுகத்தைப் பாக்குது. மூட்டை தூக்கப் போறவன் கும்பிட்டுட்டுப் போவான்" என்றார். நான் அந்தக் கோவிலுக்கு ஒரு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தவள். ஒரு நாளும் தோன்றவில்லை.

பள்ளிவாசல் 1801-ல் காதர் முகைதீன் தலைமையில் எழுந்தது. தமிழ் முஸ்லிம் வணிகர், இந்தியர்களுக்குக் கப்பித்தானாக, அதாவது சமூகத் தலைவராக இருந்தவர். அங்கிருந்து சூலியா தெருவுக்குத் திரும்பினால் நாகூர் தர்கா. ஆமாம், நம் நாகூர் ஆண்டவர் பேரில்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன் கரை இறங்கியதும் முதலில் தேடியது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகளைக் காட்டினார், வட்டிக்கடையும் அதுதான், படுக்கையும் அதுதான். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் கிளம்புகிற கோவில் வீடும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. 1894-லிருந்து ஓடுகிற ரதம், காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. அது தண்ணீர்மலைக்குப் போகிற வழியெல்லாம் தேங்காய் உடையும். உடைப்பவர்களில் சீனர்கள் நம்மைவிட அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். மலைமேல் முருகனுக்கு 513 படி. தைப்பூசத்தன்று அத்தை குடும்பத்தோடு தண்ணீர்ப் பந்தலில் நின்று மோர் ஊற்றினேன். கை வலித்தது, ஆனால் ஊருக்குப் புதுசு என்ற நினைப்பு அன்றோடு போய்விட்டது.

கார்ன்வாலிஸ் கோட்டையில் மாமா அதிக நேரம் நிற்கவில்லை. 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம், சண்டையே பார்க்காத கோட்டை. அங்கிருக்கும் லைட்டின் சிலைக்கு அவர் முகம் கிடைக்காமல் மகன் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்பார்கள். "அவனுக்கும் படம் இல்ல, உங்க சின்னத் தாத்தாவுக்கும் படம் இல்ல" என்றார் மாமா. அந்த வாரமே அப்பாவிடம் சொல்லி, தாத்தாவின் கல்யாணப் படம் ஒன்றை வரவழைத்தேன். அண்ணன் தம்பி ஜாடை ஒன்றுதான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: குலதெய்வம் பேர் தெரியும், கோவில் எந்த ஊரில் இருக்கிறது?

என் கையில் அவர்களுக்குக் கொடுக்க உருப்படியாக இருந்த முதல் தகவல் அதுதான். நீங்கள் போகும்போது பட்டுப்புடவை, ஸ்வீட் பெட்டி என்று இழுக்காதீர்கள். குலதெய்வக் கோவில் படம், வீட்டுப் படம், பெரியவர்களின் குரலைப் பதிவு செய்தது, இவற்றைக் கொண்டுபோங்கள்.

சில சில்லறை விஷயங்கள். தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெரி, அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம், சுங்கைப்பட்டாணி எல்லாம் போகலாம். சுங்கைப்பட்டாணி கெடா மாநிலம், அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம், அரசாங்க ஆபீஸ் எல்லாம் உண்டு, அதனால் உங்கள் சொந்தக்காரர் வீடு அந்தப் பக்கம் என்றால் சனிக்கிழமை போங்கள். 'பத்து வெள்ளி' என்றால் பத்து ரிங்கிட். காலையில் போனால் "பசியாறிட்டியா?" என்பார்கள். ஆச்சு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு, அட, பழைய தமிழ் மாதிரி இருக்கே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். அத்தை பேத்தி உடனே, "உங்க தமிழ்லதான் பாதி இங்கிலீஷ்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாக, நீங்கள் எழுதியிருக்கும் தோட்டத்துப் பெயரை மாமாவிடம் கேட்டேன். அந்தப் பேரில் இரண்டு இருந்ததாம், ஒன்று நிபோங் திபால் பக்கம், ஒன்று கூலிம் பக்கம். அப்பாயியிடம் பழைய உறை ஏதாவது இருந்தால் தபால் முத்திரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முத்திரையில் தபால் நிலையத்தின் பேர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எந்தக் கோவிலில் விசாரிப்பது என்று மாமா சொல்கிறேன் என்றார்.