தீவும் பாசியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மாணவன். 2030க்குள் உலகக் கடற்பரப்பில் 30 விழுக்காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று 2022இல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியாவால் அந்த இலக்கை எட்ட முடியுமா? சென்ற மாதம் பாம்பன் போயிருந்தேன். தேசியப் பூங்காவாக உள்ள தீவுகளின் பக்கமிருந்து பெண்கள் மூட்டை மூட்டையாகக் கடற்பாசி கொண்டுவந்து இறக்கினார்கள். கேட்பாரில்லை. இப்படித் திருடவிட்டால் சட்டம் எதற்கு? நான் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். அதை முகநூலில் வெளியிட எண்ணுகிறேன்.

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

இந்த வயதில் ஒருவர் கடலுக்காகக் கவலைப்பட்டு எழுதுவது எனக்கு நிறைவளிக்கிறது. பாம்பனில் என் பெரியம்மாவின் காரியங்களை முடித்துவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பினேன். உங்கள் கடிதம் வந்தபோது அந்தக் கடலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழுக்காட்டுக் கணக்கில் எனக்கு ஆர்வமில்லை. வரைபடத்தில் எல்லை போட ஓர் அரசாணை போதும். 1982இல் கட்ச் வளைகுடா, 1983இல் அந்தமானின் வண்டூர், 1986இல் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் என்று கடல்சார் தேசியப் பூங்காக்களை நாம் முன்பே அறிவித்துவிட்டோம். ஆனால் அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்குள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்குமாகப் பல பத்தாண்டுகள் பவளப்பாரை வெட்டி வள்ளம் வள்ளமாக அள்ளியதால், அலையைத் தடுக்க முன்னால் பார் இல்லாமல் போய், அந்தத் தீவுகள் கரைந்தன. பூங்கா அறிவிப்பு வந்த பிறகும் கல்லெடுப்பு நிற்கவில்லை. மிகக் கடுமையான பாதுகாப்பைத் தரும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் பவளம் வந்ததே 2001இல்தான். தூத்துக்குடிக்கு அருகே வான் தீவைக் காப்பாற்ற இப்போது காங்கிரீட் கட்டமைப்புகளைக் கடலில் இறக்கி வைத்திருக்கிறார்கள்.

விசைப்படகுகளையும் பாருங்கள். கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் அவை மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அந்த எல்லைக்குள் வந்து இழுவைமடி வலையைப் போட்டால், அதன் பலகையும் சங்கிலியும் அடித்தரையை உழுதுகொண்டு போகும். ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடற்புல் வேரோடு பெயர்ந்துவரும். இதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் கண் பாசி மூட்டையின் மேல் போய் நின்றிருக்கிறது. 'திருட' என்று எழுதியிருக்கிறீர்கள். விலங்கியல் படிப்பவர், யார் எதை எப்படி எடுக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் அந்தச் சொல்லை எழுதியது எனக்குக் கோபமூட்டுகிறது.

என் பெரியம்மா நாற்பது ஆண்டுகள் பாசி எடுத்தவர். விடியுமுன் வத்தையில் ஏறுவதற்கு முன்னால், பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிப் பல்லால் முடிச்சை இறுக்குவார். பவளப்பார் கீறினால் புண் ஆற நாளாகும். கண்ணாடியை மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டி, மூச்சை அடக்கி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளிக்கொண்டு வருவார். ஐந்தாறு மணி நேரம் இப்படியே போகும். 'வேரோட பிடுங்குனா அடுத்த வருசம் எதை எடுப்பே' என்று, கூட வரும் சின்னப் பெண்களைத் திட்டுவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2002 வாக்கில் ஒருநாள், கரையில் காத்திருந்த காவலர்கள் அவருடைய மூட்டையை வாங்கி மணலில் கொட்டி மிதித்தார்கள். அன்றைய கூலி போனதற்கு அவர் அழவில்லை. பறித்த பாசி யாருக்கும் ஆகாமல் வீணாக அழுகியதே என்றுதான் அன்று இரவு முழுவதும் புலம்பினார். தான் பிறப்பதற்கு முன்பிருந்தே தன் குடும்பம் போய்வந்த தீவுக்குள் நுழைவது குற்றம் என்பதை அவருக்கு யாரும் வந்து சொல்லியிருக்கவில்லை.

அளவுக்கு மீறி எடுத்தால் பாசி குறையும், மிதித்தால் பவளம் உடையும் என்பதை நான் மறுக்கவில்லை. அதை உங்களுக்கும் எனக்கும் முன்பே அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது, மீன்பிடித் தடைக்காலத்தில் இறங்குவதே இல்லை என்று அவர்களே கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015இல் தீவுப் பாதுகாப்புக்கான, சீகாலஜி என்ற அமைப்பின் விருது அமெரிக்காவில் வழங்கப்பட்டது. அந்த அறிவைப் பூங்காவின் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்து, நாளும் அளவும் குறித்த பொறுப்பை எழுத்து மூலமாக அவர்களிடமே கொடுக்க வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். கடலடியை நாள்தோறும் நேரில் பார்ப்பவர்களை விரட்டிவிட்டு, கரையில் நிற்கும் நாலு காவலர்களை வைத்து 560 சதுர கிலோமீட்டர் பூங்காவை எப்படிக் காப்பது?

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் நிற்பவரின் விரல்களில் துணி சுற்றியிருக்கிறது. அவர் முகமும் தெளிவாகத் தெரிகிறது. அதை வெளியிட்டால் அந்தப் பெண்ணின் மேல் வழக்குப் பாயக்கூடும். என்னிடமிருந்த பிரதியை அழித்துவிட்டேன். நீங்களும் இன்றே அழித்துவிட்டு, எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்