பல் மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டியதில்லை?

வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: நான் வியாசர்பாடியில் வசிக்கும் திருநங்கை, வயது 31. கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி தாங்க முடியாமல், சென்ற மாதம் வீட்டருகே உள்ள தனியார் பல் மருத்துவமனை ஒன்றுக்குப் போனேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். ஆதார் அட்டையையும் கேட்டார்கள். அதில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது. பத்துப் பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் அந்தப் பழைய பெயரோடு ‘மிஸ்டர்’ சேர்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும், மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே ‘ஆபரேஷன் ஆகிவிட்டதா?’ என்று கேட்டார். எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு இருந்தால்தான் பல்லை எடுப்பேன், அதுவும் மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு இரவு ஒன்பது மணிக்கு வாருங்கள் என்றார். நான் மறுபடி அங்கே போகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் ஆகிய மாத்திரைகள் எடுக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? அவர் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் அந்த வலி மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அதுதான். பல்வலிக்குக் கடையில் எடுத்துக் கொடுப்பவை பெரும்பாலும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள். அவற்றை ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்த்து நாள்கணக்கில் எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடவும் சிறுநீரகம் பாதிக்கப்படவும் இடமுண்டு. ஆகவே அவற்றை நீங்களாக வாங்குவதை இன்றே நிறுத்திவிட்டு, ஒரு மருத்துவரிடம் காட்டும் வரை, கல்லீரல் கோளாறோ ஒவ்வாமையோ இல்லையென்றால், அட்டையில் குறித்த அளவைத் தாண்டாமல் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளுங்கள். கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவும் எச்சில் விழுங்கவும் சிரமமானாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் அது உயிருக்கே ஆபத்து.

இதிலேயே உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. மாத்திரைகளைச் சொல்லியிருக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்களுக்குச் சிறிதளவு அழுக்குப் படிந்தாலும் ஈறு வீங்கி ரத்தம் கசியக்கூடும். கருவுற்ற பெண்களின் ஈறுகளில் நாங்கள் காண்பதும் இதையே. பல்லை எடுத்த குழியில் உறைந்து நிற்க வேண்டிய ரத்தக்கட்டி சில நாள்களில் கரைந்து எலும்பு வெளியே தெரிந்துவிடும் ஒரு நிலை உண்டு. மூன்றாம் நாள் காது வரை இழுக்கும் அந்த வலியை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதால், உங்கள் விஷயத்திலும் மருத்துவர் அதை மனத்தில் கொண்டு குழியைக் கவனமாகக் கழுவி, தேவையானால் தையலிட்டு, நீங்கள் புகைப்பவராக இருந்தால் சில நாள்களுக்கு அறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வார். ஸ்பைரோனோலாக்டோன் வாயையும் உலர்த்தும், நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றலையும் தரும். இவற்றையெல்லாம் காரணமாக வைத்து ஹார்மோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான பல் சிகிச்சைகளுக்கு அந்த அவசியம் வருவதில்லை. வந்தால் ஹார்மோன் எழுதித் தரும் மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய ஒன்று அது.

இனி, அவர் கேட்டவை. பல் மருத்துவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் வாயிலோ, கொடுக்கப்போகும் மருந்திலோ, போடப்போகும் மரப்பு ஊசியிலோ ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் என்னவென்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு, கேட்பது மரியாதைக் குறைவும் ஆகாது. ‘கடந்த ஆறு மாதத்தில் ஏதாவது அறுவை சிகிச்சை நடந்ததா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, முன்பு எப்போதாவது காலில் ரத்தம் கட்டியதுண்டா?’ என்று கேட்டால் அது எல்லா நோயாளிகளிடமும் கேட்க வேண்டிய கேள்வி, பதில் சொல்லுங்கள். ‘ஆபரேஷன் ஆகிவிட்டதா?’ என்று மட்டும் கேட்டால் அது எதைப் பற்றிய கேள்வி என்று கேட்டவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கடைவாய்ப் பல்லுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ‘இந்தப் பல்லை எடுக்க அது எப்படி உதவும், டாக்டர்?’ என்று அமைதியாகத் திருப்பிக் கேளுங்கள். என் தொழிலைச் சேர்ந்த பலருக்கு இந்தக் கேள்வியின் பின்னால் இருப்பது வெறும் ஆர்வம்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எச்.ஐ.வி. பரிசோதனை விஷயத்தில் தயக்கமே தேவையில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், சிகிச்சை பெறுவதற்கு முன்நிபந்தனையாக அந்தப் பரிசோதனையைக் கேட்பதைத் தடை செய்கிறது; உங்கள் விவரமறிந்த சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும் தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மருத்துவ நியாயமும் அந்த நிபந்தனைக்கு இல்லை. யாருக்கு எந்தத் தொற்று இருக்கிறது என்பது முகத்தில் எழுதியிருப்பதில்லை என்பதால்தான், வருகிற ஒவ்வொருவருக்கும் புதிய கையுறை, புதிய ஊசி, ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமாவது வைத்தெடுத்த கருவிகள் என்ற முறை வந்தது. இரவு ஒன்பது மணிக்கு உங்களைக் கடைசியாக வரச் சொல்கிறவர், அதற்கு முன் வந்தவர்களுக்குப் பயன்படுத்திய கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறார் என்ற சந்தேகம்தான் எனக்கு வருகிறது. அந்தக் காத்திருப்பு இடத்தில் இருந்த பத்துப் பேரும் கவலைப்பட வேண்டிய விஷயம் அது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு திருநர்களின் கண்ணியத்தையும் சம உரிமையையும் உறுதிப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவச் சேவையை மறுப்பதையும் அதில் பாரபட்சம் காட்டுவதையும் தன் 3-ஆம் பிரிவிலேயே தடை செய்தது. நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், நடந்ததைத் தேதி, நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றோடு இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மருத்துவர்களின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெற்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. புகார் கொடுக்க மனமில்லை, பல் சரியானால் போதும் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் உங்கள் முடிவுதான்; ஒருவரும் அதைக் குறை சொல்ல முடியாது.

பல்லுக்கு, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையில் சீக்கிரமே செல்லுங்கள். ஓ.பி. சீட்டுப் போடும் இடத்திலேயே ‘என்னை இந்தப் பெயரில் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். மாத்திரைகளின் அட்டைகளைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். பெயர்களை வாயால் சொல்ல வேண்டியிராது, அட்டையை நீட்டினால் போதும்.

கேள்வி: திருவொற்றியூரில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் திருநங்கைகள் சிலர் வருகிறார்கள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, பதிவேட்டில் எதை எழுதுவது என்று தெரியாமல் தடுமாறுகிறேன். தவறாகச் சொல்லி அவர்கள் மனம் புண்படுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இந்தப் பயம் உங்களுக்கு இருப்பதே நல்லது. எனக்கு அது தாமதமாகத்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், தண்டையார்பேட்டையில் நான் நடத்திய சிறிய கிளினிக்கில், ஈறில் ரத்தம் வருகிறது என்று ஒரு திருநங்கை இரண்டு முறை வந்தார். மூன்றாவது முறை வந்தபோது என் உதவியாளர் பழைய அட்டையில் இருந்த பெயரைப் படித்துக் கூப்பிட்டார். நான் உள்ளே வேறொருவரின் பல்லில் வேலை செய்துகொண்டிருந்தேன், காதில் விழுந்தது, எழுந்து வெளியே வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது நாற்காலி காலி. அவருடைய அட்டையில் ‘அடுத்த முறை: ஸ்கேலிங், வலது கீழ்ப்புறம்’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் பிறகு வரவே இல்லை. உதவியாளரைத் திட்டினேன், அட்டையில் பெயருக்கு ஒரே ஒரு கோடு மட்டும் அச்சடித்து வைத்திருந்தவன் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகவே உங்கள் பதிவு அட்டையில் இரண்டு கோடுகள் இருக்கட்டும். முதலில் ‘உங்களை எப்படி அழைக்க வேண்டும்?’ என்பது, அதற்குக் கீழே, காப்பீட்டுக்கோ ரசீதுக்கோ தேவைப்பட்டால் மட்டும், ஆவணத்தில் உள்ள பெயர். இதைத் திருநங்கைகளிடம் மட்டும் கேட்காமல் வருகிற எல்லாரிடமும் கேளுங்கள். ரேஷன் அட்டையில் ஒரு பெயரும் தெருவில் ஒரு பெயருமாக வாழ்பவர்கள் நம் ஊரில் குறைவா என்ன? கூப்பிடுவதற்கு டோக்கன் எண்ணே போதும் என்றால் இன்னும் நல்லது. ஒருமுறை தவறிவிட்டால், ‘மன்னியுங்கள், அம்மா’ என்று சொல்லிச் சரியான பெயரைச் சொல்லுங்கள். நீளமான விளக்கம் வேண்டாம். அந்த விளக்கத்தையும் பத்துப் பேர் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேசைமேல் விரித்து வைத்திருக்கும் பதிவேடு, எக்ஸ்ரே உறையின்மேல் மார்க்கரில் பெரிதாக எழுதிய பழைய பெயர், மருந்துச் சீட்டு ஆகிய இவை எல்லாம் நீங்கள் வாய் திறக்காமலே பேசிவிடும். மருந்துச் சீட்டில் அழைக்கும் பெயரையே எழுதும்படி உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் எதிரே உள்ள மெடிக்கல் ஷாப்பில் அதைத்தான் சத்தமாகப் படிப்பார்கள். நோயாளியின் வாயைப் படமெடுத்து மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘சுவாரசியமான கேஸ்’ என்று போடும் வழக்கம் எங்களிடையே பரவியிருக்கிறது. எந்த நோயாளியின் படத்தையும் அவருடைய சம்மதம் இல்லாமல் அனுப்பக் கூடாது. ஒருவர் திருநங்கை என்பது பல் எக்ஸ்ரேயில் தெரியாது, கூடவே எழுதி அனுப்பும் இரண்டு வரிகளில் தெரிந்துவிடும். அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னது உங்கள் மேசைக்கும் பொருந்தும்.

கேள்வி: நான் திருநம்பி; ராயபுரம். பல் எக்ஸ்ரே எடுக்கும்போது ‘கர்ப்பமா?’ என்று கேட்டால் என்ன செய்வது? ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன், அதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: கர்ப்பப்பை உள்ள எவரிடமும் எக்ஸ்ரேக்கு முன் கேட்கப்படும் கேள்வி அது, கேட்பதில் தவறில்லை, வரிசையில் நிற்கும்போது கேட்பதில்தான் தவறு. தனியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பல்லுக்கு எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயின் கதிர் அளவு மிகக் குறைவு, அது தாடையை நோக்கியே செல்கிறது என்பதால் வீணாகப் பயப்பட வேண்டாம். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவைக் கூட்டக்கூடும். பெரிய அறுவை சிகிச்சை என்றால் அதைத் தெரிந்துகொள்வது எங்களுக்கு உதவும், ஆகவே சொல்லுங்கள். நீங்கள் மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டர் அணிபவரானால், நாற்காலியைச் சாய்த்து முக்கால் மணி நேரம் வாயைத் திறந்து படுத்திருக்கும்போது மூச்சு முட்டலாம். ‘முழுவதும் சாய்க்க வேண்டாம், நடுவில் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்’ என்று தொடங்கும் முன்பே சொல்லி வையுங்கள். ஏன் என்று மருத்துவர் கேட்டால், படுத்தால் மூச்சு வாங்கும் என்ற பதிலே அவருக்குப் போதுமானது.