மரபுத்தொடர் என்றால் என்ன? நேர்ப்பொருள் தொடரிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது?

சொற்களின் பொருளைக் கூட்டினால் வருவது நேர்ப்பொருள். கூட்டினாலும் வராத பொருளை வழக்கம் ஏற்றித் தந்திருந்தால் அது மரபுத்தொடர். ஆனால் இந்த வரையறையை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு தொடரைக் கையில் எடுத்துப் பார்ப்பது மேல்.

'சாப்பிட்டதும் கையைக் கழுவினான்.' இங்கே கை உண்டு, தண்ணீர் உண்டு. 'கஷ்டம் வந்ததும் நண்பனைக் கைகழுவினான்.' இங்கே தண்ணீரே இல்லை. கைவிட்டான் என்பதுதான் பொருள். இலக்கணத்தையும் கவனியுங்கள். முதல் வாக்கியத்தில் 'கையை' என்று ஐ உருபு வந்தது. இரண்டாவதில் அந்த உருபு நண்பனிடம் போய்விட்டது. 'கைகழுவு' ஒரே வினைபோல ஒட்டிக்கொண்டது. எனக்குத் தமிழில் மிகவும் பிடித்த நுட்பங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு சோதனை, சொல்லை மாற்றிப் பார்ப்பது. 'யாரிடம் காது குத்துகிறாய்?' என்றால் 'யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்?' என்று பொருள். காதுக்குப் பதில் 'செவி' போட்டாலோ, 'வலது காது' என்றாலோ அந்தப் பொருள் போய்விடும். தட்டானும் கம்மலும்தான் நினைவுக்கு வரும். மொட்டையடித்துக் காது குத்தும் வீட்டில் அதே தொடர் நேர்ப்பொருளிலேயே வழங்கும். ஆகவே, இடம் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது.

பழமொழியோடு இதைக் குழப்ப வேண்டாம். பழமொழி தனித்து நிற்கும் முழுக் கூற்று. மரபுத்தொடர் வாக்கியத்துக்குள் உறுப்பாக வந்து, கைகழுவினான், கைகழுவுவாள், கைகழுவாதே என்று காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப வளையும்.