1791இல் அமெரிக்கத் தளபதி செயின்ட் கிளேரின் படை பழங்குடிப் படையிடம் அழிந்ததற்குத் தளபதி மட்டும்தான் காரணமா?

இல்லை என்பதே என் பதில். பல ஆண்டுகள் பண்டகசாலைக் கணக்கோடு வேலை பார்த்தவன் நான். அதனால் இந்தப் போரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், என் கவனம் அதற்கு முந்தைய ஆறு மாதங்களின் மீதே போய் நிற்கிறது.

1790இல் அமெரிக்கத் தளபதி ஹார்மரின் படை ஒஹையோ காடுகளில் பழங்குடியினரிடம் தோற்றுத் திரும்பியதும், 1791 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் புதிய ரெஜிமென்ட் ஒன்றையும், ஆறு மாதத்துக்கு மட்டும் 2,000 பேரையும் சேர்த்துக்கொள்ள அனுமதித்தது. சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 3 டாலர். அதிலும் துணிமணிக்குப் பிடித்தம் உண்டு. அந்தக் காசுக்கு, வேறு பிழைப்பு இல்லாதவர்களே பெரும்பாலும் வந்து சேர்ந்தார்கள். கென்டக்கியிலிருந்து வந்த குடிப்படையிலும் (தேவைக்குத் திரட்டப்படும் பொதுமக்கள் படை) பலர் பிறருக்குப் பதிலாக வந்தவர்கள். என்னைப் பொறுத்தவரை, இவற்றையெல்லாம் விடப் பெரிய பிழை அந்த ஆறு மாதக் கெடுதான். கோடையில் புறப்பட வேண்டிய படை செப்டம்பரில்தான் ஒஹையோ ஆற்றங்கரையில் இருந்த வாஷிங்டன் கோட்டையை விட்டு நகர்ந்தது. வசந்த காலத்தில் பெயர் கொடுத்தவர்களுக்கு நடுக்காட்டிலேயே கெடு முடிந்து, அவர்கள் வீடு திரும்பத் தொடங்கினார்கள்.

தாமதத்துக்குக் காரணம் சரக்கு. உணவு ஒப்பந்தம் வில்லியம் டூயர் என்ற நியூயார்க் ஊக வணிகரின் கையில் இருந்தது; அவருடைய கவனமோ பங்குச் சந்தையில் இருந்தது. தளவாடங்களுக்குப் பொறுப்பான சாமுவேல் ஹாட்ஜ்டன் வெகுநாள் கழித்தே முகாமுக்கு வந்தார். கூடாரங்கள் ஒழுகின, வெடிமருந்து தரமற்றிருந்தது, பொதிச் சேணங்கள் குதிரைகளின் முதுகுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருந்தன. பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி என்னை இன்றும் வருத்துகிறது: குதிரைகளுக்குப் பொறுப்பாக வந்தவர் காடு அறியாதவர். அவர் காலில் தளை பூட்டாமலும் கழுத்தில் மணி கட்டாமலும் குதிரைகளை அவிழ்த்துவிட்டார். தொட்டியில் வைக்க வேண்டிய தானியத்தைத் தரையில் இறைத்தார். அதற்காக அவை ஒன்றையொன்று உதைத்துக் காயப்படுத்திக்கொண்டன. பல காட்டுக்குள் போய்த் தொலைந்தன. பொதிக்குதிரை இல்லாத படைக்கு மாவு எப்படி வந்து சேரும்?

அக்டோபர் கடைசியில் குடிப்படையினர் சுமார் 60 பேர் முகாமை விட்டு ஓடியபோது, பின்னால் வந்துகொண்டிருந்த உணவு வண்டிகளை அவர்கள் கொள்ளையடித்துவிடக்கூடும் என்று அஞ்சி, தம்மிடமிருந்த நல்ல ரெஜிமென்டையே செயின்ட் கிளேர் திருப்பி அனுப்பினார். நவம்பர் 4 விடியற்காலையில், வாபாஷ் ஆற்றின் தலைப்பகுதியில் லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் ஆகியோரின் தலைமையில் பழங்குடிப் படை சூழ்ந்தபோது, அந்த ரெஜிமென்ட் களத்தில் இல்லை. 600க்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டார்கள். அந்தத் தாக்குதலின் திட்டமும் ஒழுங்கும் பழங்குடித் தலைவர்களின் திறமை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சுற்றிலும் போதிய வேவு இல்லாமல் முகாமிட்டது தளபதியின் பிழை. அதையும் மறைக்கக் கூடாது.

1792இல் விசாரித்த காங்கிரஸ் குழு செயின்ட் கிளேரைக் குற்றவாளியாக்கவில்லை. ஒப்பந்ததாரரின் தாமதத்தையும் தளவாடத் துறையின் சீர்கேட்டையுமே சுட்டியது. அடுத்துத் தளபதியாக வந்த அந்தோணி வெய்னுக்கு மூன்றாண்டுக் கெடுவில் ஆள் சேர்க்க அனுமதி கிடைத்தது. அவர் பிட்ஸ்பர்க் அருகே ஒரு குளிர்காலம் முழுவதும் அவர்களைப் பயிற்றுவித்தார். கோட்டைக்குக் கோட்டை உணவைச் சேர்த்துவைத்துவிட்டே முன்னேறினார். 1793 டிசம்பரில் அதே களத்தில் அவருடைய வீரர்கள் ஒரு கோட்டையைக் கட்டியபோது, அங்கே சிதறிக் கிடந்த எலும்புகளை முதலில் பொறுக்கிப் புதைக்க வேண்டியிருந்தது.