ஆடிக் குளிரில் டிரவுட்: கேள்வி பதில்

குளிர்காலத்தில் பெரிய, ஆழமான அணைகளில் டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிப்பது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். இத்தனை பேர் கேட்டது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. நான் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பக்கம், மாரிட்ஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்தவன். இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம், ஜனவரி கோடை. அண்டர்பெர்க், ஹிமவில், காம்பெர்க் பக்கத்து அணைக் கரைகளில் முப்பது குளிர்காலம் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, போன ஜூலையில் இரண்டு நாள் நின்றும் ஒரு கடி இல்லை. குளிருக்கு மீன் அடியில் போயிருக்கும் என்று அணைச் சுவர்ப் பக்கம், ஆழமான இடமாகப் பார்த்துக் கனமான தூண்டில் லைனைப் போட்டேன். என்ன தப்பு?

தப்பு இடத்தில்தான் தம்பி. ஆழம் என்பது கோடைக்கான பேச்சு. ஜனவரியில் மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிவிடும், டிரவுட்டுக்கு அது தாங்காது. சூடான தண்ணீர் லேசு, அது மேலேயே நிற்கும். குளிர்ந்த தண்ணீர் கனம், அது கீழே கிடக்கும். இரண்டும் லேசில் கலக்காது. அதனால் அடித்தண்ணீரில் நாளாக நாளாக ஆக்சிஜன் குறையும். மேலே சூடு, கீழே மூச்சு முட்டல் என்று மீன் நடுவில் ஒரு பட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

ஏப்ரல், மே வந்தால் கதை மாறுகிறது. இரவுக் குளிரில் மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்க, காற்று அதைக் கலக்கிவிட, மேலிருந்து அடிவரை ஏறக்குறைய ஒரே குளிர், ஒரே ஆக்சிஜன். அதிலும் 10 டிகிரித் தண்ணீர் 20 டிகிரித் தண்ணீரைவிடக் கால் பங்கு கூடுதலாக ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். இப்போது மீன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அப்படியென்றால் சாப்பாடு இருக்கும் இடத்துக்குத்தானே போகும்? வெயில் தரையைத் தொடும் இடத்தில்தான் பாசியும் செடியும் வளரும். தும்பிப் புழு, நத்தை, ரத்தப்புழு எல்லாம் அங்கேதான். 1 மீட்டரிலிருந்து 3 மீட்டர் வரை ஆழம், அதை ஒட்டித் தரை சட்டென்று இறங்கும் விளிம்பு. அங்கே தேடுங்கள்.

கனடா, அமெரிக்கா வீடியோக்களில் குளிர்காலத்துக்கு 'ஆழம், ஆழம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனம். அங்கே மேலே பனிக்கட்டி மூடி 0 டிகிரியில் இருக்கும்போது அடியில் 4 டிகிரி, அதாவது அடிதான் கதகதப்பு. நம் அணைகள் உறைவதில்லை. காலையில் கரையோரம் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பட்டை, அவ்வளவுதான். அந்த ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

அண்டர்பெர்க் பக்கம் ஒரு காலை. புல்லெல்லாம் வெண்பனி, மிதித்தால் நொறுங்குகிற சத்தம். நான் வேடர்ஸின் (தண்ணீரில் நிற்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை) பட்டையை இறுக்கிக்கொண்டே நேராகத் தண்ணீருக்குள் காலை வைத்தேன். என் முழங்கால் ஆழத்தில், கைக்கெட்டும் தூரத்திலிருந்து சேறு குபுக்கென்று கிளம்பியது. ஒரு பெரிய ரெயின்போ, டிரவுட்டில் ஒரு வகை, நடுத்தண்ணீரைப் பார்த்து ஓடியது. அதன் பக்கவாட்டுச் சிவப்புக் கோடுகூடத் தெளிவாகத் தெரிந்தது. நான் பிடிக்க வந்த மீனை நானே மிதித்து விரட்டினேன். அன்றிலிருந்து முதல் பத்து வீச்சு கரையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, புல்லில் நின்றுகொண்டுதான்.

பீனிக்ஸிலிருந்து: எந்த லைன் வாங்குவது? கடையில் ஐந்தாறு வகை காட்டுகிறார்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

ஒன்றுதான் என்றால் இன்டர்மீடியட். மெதுவாக இறங்கும், விநாடிக்கு 3, 4 சென்டிமீட்டர். கரையோர மீனுக்கு அது போதும். அடுத்த வருஷம் காசு சேர்ந்தால் டைப் 3. அந்த 3 என்பது விநாடிக்கு 3 அங்குலம், அதாவது ஏழரை சென்டிமீட்டர். 3 மீட்டர் இறங்க 40 விநாடி ஆகும்.

லைனைவிட எண்ணுவதுதான் முக்கியம். வீசியதும் வாய்விட்டு எண்ணுங்கள். 20 எண்ணி இழுங்கள். ஒன்றுமில்லையா, அடுத்தது 25, அப்புறம் 30. ஃப்ளையில் (முள்ளில் இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சி) செடி மாட்டி வந்தால் தரையைத் தொட்டுவிட்டீர்கள், அதில் ஐந்து குறையுங்கள். மீன் கடித்த எண்ணை மறக்காதீர்கள், அடுத்த மீனும் பெரும்பாலும் அதே எண்ணில்தான் இருக்கும். இழுப்பது மெதுவாக. நீங்கள் மெதுவென்று நினைப்பதில் பாதி வேகம். குளிர்ந்த தண்ணீரில் மீனின் உடம்பே மெதுவாகத்தான் ஓடும், துரத்திப் பிடிக்க அது விரும்பாது.

பீனிக்ஸிலிருந்து அதே தம்பி: எந்த ஃப்ளை?

கறுப்பு, ஆலிவ் நிற வூலி பக்கர். சிவப்பு ரத்தப்புழு. தும்பிப் புழு மாதிரி ஒன்று; இங்கே எல்லாரும் பாப்பா ரோச் கட்டுவார்கள். நம் நாட்டு வாக்கர்ஸ் கில்லர் பழைய ஃப்ளைதான், ஆனாலும் என் பெட்டியில் எப்போதும் இருக்கும். இந்த நாலும் போதும். பெட்டி நிறைய வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டுகிறவனுடைய ஃப்ளை தண்ணீரில் இருக்கும் நேரம் குறைவு.

டோங்காட்டிலிருந்து: விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்குமா?

வேண்டாம். நன்றாகத் தூங்கிவிட்டு வாருங்கள். காலை 9 முதல் மதியம் 3 வரை, வெயில் கரையோரத்தைச் சூடாக்கும் நேரம்தான் நல்ல நேரம். அதற்கு முன்னால் ராட் (தூண்டில் கம்பு) வளையங்களில் பனி உறைந்து லைன் ஓடாது. வளையத்தை வாயில் வைத்து ஊதி உருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மேற்கிலிருந்து மலை இறங்கி வரும் சூடான பெர்க் காற்று அடித்தால் அடுத்து ஒரு குளிர் அலை வருகிறது என்று அர்த்தம். என் அனுபவத்தில் அந்தக் காற்று நாளில் மீன் நன்றாகக் கடிக்கும். குளிர் அலை கடந்த மறுநாள், வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும்போது, கஷ்டம்.

லேடிஸ்மித்திலிருந்து ஓர் அக்கா: என் மகனுக்குப் பதினேழு வயது. நண்பர்களோடு மிதவை டியூபில் உட்கார்ந்து அணை நடுவில் போய்ப் பிடிக்கிறானாம். பயப்பட வேண்டுமா?

பயப்படுவது நியாயம் அக்கா. அவனைத் தடுக்காதீர்கள், ஆனால் இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள். மிகவும் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் வசம் இருக்காது, திணறித் தண்ணீர் குடிக்கிற நேரம் அதுதான். 10 நிமிடத்துக்குள் விரல்கள் கேட்காது, கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாது. 1 மணி நேரத்துக்குள் நினைவு தப்பலாம். நல்ல நீச்சல்காரர்கள் குளிரில் முடங்கிப்போவதற்கு முன்பே, அந்த முதல் சில நிமிடங்களில் மூழ்கிப் போகிறார்கள்.

லைஃப் ஜாக்கெட் டியூபில் தொங்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். வேடர்ஸுக்கு மேல் இடுப்பு பெல்ட் இறுக்கமாக. தனியாகப் போகக் கூடாது. மலையோரத்தில் மதியத்துக்கு மேல் காற்று திடீரென்று எழும்பும், டியூப் கரைக்குத் திரும்ப முடியாமல் அடித்துக்கொண்டு போகும். அதனால் காற்று எந்தக் கரைக்குத் தள்ளுமோ அந்தக் கரையை ஒட்டியே இருக்கட்டும். காரில் மாற்றுத் துணி ஒரு பை, ஃபிளாஸ்கில் சூடாக டீ. நான் முதலில் சொன்னதை நினைவுபடுத்துங்கள்: மீன் கரையோரம்தான் இருக்கிறது, நடுவில் போக வேண்டிய அவசியமே இல்லை.

மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: ஜூனில் பிடித்த மீனின் வயிறு உப்பி, தூக்கியதும் ஆரஞ்சு முட்டைகள் ஒழுகின. என்ன செய்திருக்க வேண்டும்?

தூக்கவே கூடாது. ரெயின்போ இங்கே குளிர்காலத்தில் சினைப்படும். 1 கிலோ தாய்மீனில் ஏறக்குறைய 2000 முட்டை இருக்கும். அது முட்டையிட ஓடுகிற தண்ணீரும் கூழாங்கல் தரையும் வேண்டும். பல பண்ணை அணைகளில் இரண்டும் கிடையாது. பாவம், முட்டையைச் சுமந்துகொண்டு ஓடை வந்து சேரும் வாயிலில் சுற்றிச் சுற்றி வரும். ஆண் மீன் கறுத்து, தாடை கொக்கி போல வளைந்து, அதுவும் அங்கேயே நிற்கும். கூட்டமாக நிற்பதால் பிடிப்பது சுலபம். தயவுசெய்து அந்த வாயிலை விட்டுவிடுங்கள். தெரியாமல் மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து, தூண்டில் முள்ளை மட்டும் கழற்றுங்கள். வெண்பனிப் புல்லில் போட்டுப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். உலர்ந்த கையும் உறைந்த புல்லும் அதன் வழவழப்பை உரித்துவிடும், உறைபனிக் காற்று செவுளைச் சுடும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டும் சின்னக் கொக்கியை முன்பே குறட்டால் நசுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஜோஹன்னஸ்பர்க், லெனேசியாவிலிருந்து: லெசோத்தோ நாட்டின் காட்ஸே அணைக்கு ஆகஸ்டில் போகிறோம். அவ்வளவு பெரிய தண்ணீரில் எங்கே தொடங்குவது?

நீங்கள் குடிக்கிற தண்ணீரின் ஒரு பங்கு அங்கிருந்து சுரங்க வழியாக வருகிறது, தெரியும்தானே? சுவர் 185 மீட்டர் உயரம். பள்ளத்தாக்கை மூடிக் கட்டியதால் கரை பல இடங்களில் நேராகச் சரிந்து இறங்கும். ஆழமில்லாத தரையே குறைவு. அதுதான் உங்களுக்கு நல்லது, தேட வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது. மலிபாமட்ஸோ, போகாங் ஆறுகள் வந்து சேரும் அணையின் கிளைகளைப் பாருங்கள். அங்கேதான் தரை மெல்ல ஏறும். ஆற்றுக்குள் மட்டும் போகாதீர்கள், முட்டையிடும் மீன் அங்கே இருக்கும். அணையில் டிரவுட் வளர்க்கும் கூண்டுகள் உண்டு, அவற்றிலிருந்து தள்ளியே நில்லுங்கள்.

பாஸ்போர்ட் மறக்காதீர்கள். வழியில் மஃபிகா லிசியு கணவாய் 3090 மீட்டர் உயரம். பனி விழுந்தால் பாதை மூடிவிடும், அப்போது பிடிவாதம் வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

டர்பனிலிருந்து: டிரவுட் இந்த நாட்டு மீனா? லைசென்ஸ் வேண்டுமா?

இல்லை, வந்த மீன். 1890-இல் நேட்டாலில் பிரவுன் டிரவுட் முட்டைகளைப் பொரிக்க வைத்து ஆறுகளில் விட்டார்கள். ரெயின்போ அதற்குச் சில ஆண்டு கழித்து வந்தது. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் 1860-இல் வந்து இறங்கி முப்பது வருஷம் கழித்துத்தான் அந்த முதல் டிரவுட் வந்தது. நிறவெறி ஆட்சி இருந்த என் அப்பா காலத்தில் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில்கூட நம்மவர்கள் போக முடியாது. அவர் துறைமுகத்தில் ஷாட் என்ற கடல் மீனைப் பிடித்தே வாழ்நாளைக் கழித்தார். அவருக்கு ஒரு டிரவுட் காட்ட முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் வந்த மீன் உள்ளூர்ச் சின்ன மீன்களைத் தின்கிறது என்பதும் உண்மை. டிரவுட் இல்லாத ஓடையில் நாம் கொண்டுபோய் விடக் கூடாது. லைசென்ஸ் கட்டாயம், மாகாண வனவிலங்குத் துறையான எசெம்வெலோ அலுவலகத்தில் கேளுங்கள். பண்ணை அணை என்றால் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும்.

வெருலத்திலிருந்து ஓர் ஆயா: பேரன் கொண்டுவந்தான். புளி ஊற்றிக் குழம்பு வைத்தேன், கரைந்துபோய்விட்டது.

அது மென்மையான சதை ஆயா, ஷாட் மாதிரி கொதி தாங்காது. தக்காளி, புளி, மசாலாவை முதலில் நன்றாக வற்றவிட்டு, அடுப்பை அணைக்கும் ஐந்து நிமிடம் முன்னால் மீனைப் போடுங்கள். கரண்டி வேண்டாம், சட்டியை மட்டும் ஆட்டுங்கள்.

கடைசியாக ஸ்டாங்கரிலிருந்து: ஆடி விரதத்தில் இருக்கிறேன். பிடித்து விட்டுவிட்டால் பரவாயில்லையா?

பூசாரியைக் கேளுங்கள் தம்பி, நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. என் வழக்கம் மட்டும் சொல்கிறேன். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடியும்வரை ராட் பரணில்தான் இருக்கும். அந்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை கிளம்புவேன். ஆகஸ்டிலும் தண்ணீர் குளிராகத்தான் இருக்கிறது, மீன் எங்கும் போய்விடாது.